ஏழாவது குழி என்னுடையது

கணேசா,

நீ வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. செம்பூரில் உன் சிநேகிதன் அறையில் தங்கியிருக்கிறாய், வேலைக்கு ஒழுங்காகப் போகிறாய், சாப்பாடு மெஸ்ஸில் என்று அவரிவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புறப்பட்ட அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ ஒன்று கேட்டாய். "அப்பா, செல்வி என்னைவிட மூத்தவங்கிறத விட்டா வேற என்ன காரணம் இருக்கு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்." நான் ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துப் போயிருப்பாய். பாறை உடைத்துக் காது போனவன்தான். ஆனால் அது கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

பெண் ஒன்றரை வயது மூத்தவள், ஊர் சிரிக்கும் என்று நான் சொன்னதெல்லாம் சாக்கு. ஊர் என்றைக்கு நமக்குச் சோறு போட்டது, அது சிரித்தால் நான் கவலைப்பட? தகப்பன் இல்லாத பெண் என்பதற்காகவும் இல்லை. அவள் அம்மா பேச்சியம்மாள் மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்பதற்காகவும் இல்லை. அப்படி நினைக்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் ஆகிவிடவில்லை. பேச்சியம்மாள் வெற்றிலைப் பாக்கோடு வந்து, "உங்கள அண்ணன்னு கூப்பிடுதேன், அப்போ உங்க மவனுக்கு எம் மவ முறைப்பொண்ணுதான அண்ணே" என்று சொன்னபோது நான் தட்டைத் தொடவில்லை. அவள் கையால் தாம்பூலம் வாங்கிச் சம்பந்தி என்று மணையில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வயதைப் பிடித்துக்கொண்டேன்.

காட்கோபரைத் தாண்டி ஹைவேயில் பஸ்ஸில் போகும்போது, ஓரிடத்தில் ரோட்டை ஒட்டிக் கரும்பாறை சுவர் போலச் செங்குத்தாக நிற்கும், பார்த்திருப்பாய். அந்த ரோடு இருக்கிற இடம் முழுக்க அப்போது மலை. நீ பிறப்பதற்கு முன்னால் அந்த மலையை அறுத்த ஆட்களில் நானும் ஒருவன். தாராவியிலிருந்து நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம், ஊரில் கிணறு வெட்டியவர்கள். பாறையில் துளை போட்டு மருந்து வைத்து வெடிக்கிற வேலை எங்களுக்குக் கைவந்தது என்று ஒரு முகாதம், ஆள் பிடித்து வேலை வாங்குகிற மேஸ்திரி, எங்களைச் சேர்த்துக்கொண்டான். ஊரில் உளியும் சம்மட்டியும். இங்கே கம்ப்ரசர் காற்றில் ஓடும் மெஷின். அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக் காலையிலிருந்து துளை போட்டால், சாயங்காலம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற கை ஆடும். தூசி மாவு மில்லில் வேலை செய்கிறவன் மேல் படிவது போலப் படியும். இன்றைக்கு நான் படி ஏறினால் இரைக்கிற இரைப்பு அந்தத் தூசி கொடுத்தது. மத்தியானம் கூலியாட்களைக் கீழே அனுப்பிவிட்டு, வேலை நடக்கிற இடத்தின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி பிடித்த பெண்களை நிறுத்தி, விசில் ஊதி, திரியில் தீ வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பதுங்குவோம். பதுங்கின இடத்தில் ஒருவரும் பேசக் கூடாது. எத்தனை குழிக்கு மருந்து வைத்தோமோ அத்தனை சத்தத்தையும் விரல் மடக்கி எண்ண வேண்டும்.

எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், ஏதோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அதை ஊமை வேட்டு என்போம். மருந்தும் அதை எழுப்புகிற கேப்பும் உள்ளே அப்படியே இருக்கும். எப்போது எழும்பும் என்று அதற்கே தெரியாது. அதைத் தொடாமல் தள்ளி வேறு குழி போட்டு வெடிக்க வைப்பதுதான் முறை, அதற்கு அரை நாள் பிடிக்கும். முகாதம் அரை நாள் கொடுக்க மாட்டான். ஆகவே குழியை அடைத்த மண்ணைத் தண்ணீர் ஊற்றி மரக்குச்சியால் மெல்லத் தோண்டி எடுப்பது எங்கள் வழக்கம். யார் தோண்டுவது என்பதற்கு ஊரிலிருந்தே கொண்டுவந்த இரண்டு கட்டுப்பாடு இருந்தது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருந்தால் அவன் ஊமை வேட்டில் கை வைக்கக் கூடாது, அவனுடைய ஜோடி போக வேண்டும் என்பது இரண்டாவது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பாறைக்கு இதெல்லாம் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. ஒருவரும் அதை மீறியதில்லை.

என் ஜோடி இசக்கிமுத்து. செல்வியின் அப்பா. உனக்குச் சட்டம் போட்ட படமாகத்தான் அவனைத் தெரியும். படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறான், நேரில் அப்படி இல்லை. எல்லாவற்றையும் கேலி செய்கிறவன். மெஷினைத் தூக்கும்போது, "வாரும் வே, மருமவன இடுப்புல வையும்" என்பான். பம்பாய்க்கு ஒரே வண்டியில் வந்தோம், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடித்தனம் வைத்தோம். எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம், அவனுக்கு இரண்டு. இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. அதையும் அவன் கேலிதான் செய்வான்.

மழைக்காலம் முடிகிற சமயம், பக்கத்துக் கும்பலில் ஒருவனுக்கு ஊமை வேட்டு எழும்பி இரண்டு கையும் போயிற்று. அவனைத் தூக்கி லாரியில் போட்டவன் நான். அன்றைக்கு என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் பிறகு அந்தக் கும்பலில் இருக்க முடியுமா? மீசை வைத்த ஆம்பிளைகள் நாங்கள். அந்த வாரம் முழுக்க மருந்து வைக்கும்போது என் கை அவசரப்பட்டது. ஈரத்தில் கிடந்த திரியை நன்றாகப் பார்க்காமல் சொருகினேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, சொருகினேன்.

அன்று பதினோரு குழி வைத்தோம். பதுங்கிக்கொண்டு விரல் மடக்கினோம். பத்தோடு நின்றுவிட்டது. எதிரொலியோடு சேர்ந்து வந்திருக்கும் என்று ஒருவன் சொன்னான், அவன் ஆசை அது. போய்ப் பார்த்தால் இடமிருந்து ஏழாவது குழி அப்படியே இருந்தது. முகாதம் கீழே நின்று, "சாத் நம்பர் கிஸ்கா?" என்று, ஏழாம் நம்பர் யாருடையது என்று கத்தினான். ஏழாவது குழி என்னுடையது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் யோசித்துச் சொல்லவில்லை, கணேசா. ஆனால் யோசித்துச் சொல்லவில்லை என்பதால் பொய் மெய்யாகிவிடுமா? "வீட்டுல முழுகாம இருக்கா" என்றேன்.

எல்லோரும் சிரித்து என் முதுகில் தட்டினார்கள். அடுத்து ஜோடியின் முறை. இசக்கி என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், ஏதோ சொல்ல வந்தான். பிறகு மூடிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷத்தை இருபது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்புறம் அவன் வழக்கம்போலச் சிரித்து, "அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா வே? நீரு இரும். நான் பாத்துக்கிடுதேன்" என்றான். வாளியையும் மரக்குச்சியையும் எடுத்துக்கொண்டு ஏறிப் போனான். நான் கீழே நின்றேன். 'இசக்கி, நில்லு வே' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவன் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி, மண்ணைக் குடைகிற வரைக்கும் நேரம் இருந்தது. பதினோராவது சத்தம் அப்போதுதான் வந்தது.

சாயங்காலம் அவனைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தோம். பேச்சியம்மாள் கத்தின கத்தலில்தான் எனக்கு மீதி தெரிந்தது. "காலையிலதான சொன்னேன்... புள்ள நின்னுருக்குன்னு காலையிலதான சொல்லி அனுப்புனேன்." அவன் வாயைத் திறந்து மூடியது எதற்கு என்று அந்த வாசலில் நின்று புரிந்துகொண்டேன். மெய்யாகவே பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டி இருந்தது அவனுக்குத்தான். நான் முந்திக்கொண்டேன். நான் சொன்ன பிறகு அவனும் 'என் வீட்டிலும்' என்றால் யார் நம்புவார்கள்? பயந்துபோய் என் பேச்சையே திருப்பிச் சொல்கிறான் என்று சிரித்திருப்பார்கள். அவன் சிரிக்க வைக்கிறவன், சிரிப்புக்கு ஆளாகிறவன் இல்லை. அல்லது எனக்கு மூன்று வருஷம் கழித்து வாய்த்ததே என்று விட்டுக்கொடுத்தானோ என்னவோ. அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

உன் அம்மா ஓடிவந்தாள். வாசலிலேயே தெருப் பெண்கள் அவளைத் தடுத்தார்கள். பிள்ளைத்தாச்சி சாவு வீட்டுக்குள் வரக் கூடாது, தள்ளி நில் என்றார்கள். எங்கள் ஆட்கள் மூலம் அதற்குள் செய்தி பரவியிருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், விளங்கிவிட்டது. தங்கை மாதிரிப் பழகினவளைக் கட்டிப்பிடித்து அழ முடியாமல் தெருவிலேயே நின்றாள். உள்ளே பிள்ளைத்தாச்சியாக இருந்தவள் பிணத்தின் மேல் விழுந்து கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா அழவில்லை. "எவ் வயித்தச் சாட்சி வச்சுல்லா பொய் சொல்லிட்டீய" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து, கலைந்துவிட்டது என்று அவளே தெருவில் சொன்னாள். இல்லாத பிள்ளைக்காகப் பத்தியச் சோறு தின்றாள். பேச்சியம்மாள் தன் துக்கத்தோடு வந்து இவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். நீ பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. நான் அன்று சொன்னது மெய்யாக இருந்திருந்தால் உனக்கும் செல்விக்கும் ஒரே வயது இருந்திருக்கும். நடுவில் இருக்கிற ஒன்றரை வருஷம்தான் என் பொய். உன் அம்மா சாகும்வரை அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி போய் விழுந்தது பிறக்காத பிள்ளையின் தலையில். பிள்ளை உண்டான சேதி கேட்ட அன்றே போனான், சேதி தெரிந்தும் கட்டுப்பாட்டை மீறிக் கை வைத்தான், பிள்ளையின் ராசி அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று என்று பேசினார்கள். செல்வி பிறந்ததும் அப்பனை முழுங்கினவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வளைகாப்பு வீட்டில் அவளை முன்னால் விட மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எதிரில் அவள் வந்தால் கொஞ்சம் நின்று போவார்கள். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, எங்கள் லாரி வந்து நிற்கிற இடத்தில் ஒருநாள் காலையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைத் தள்ளி நிறுத்து என்று ஒருவன் முணுமுணுத்தான். நான்தான் போய் அவள் கையைப் பிடித்துச் சந்துக்குள் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். என் கையை நம்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

நான் செய்ததெல்லாம் அரிசி வாங்கிக் கொடுத்தது, கூரை மாற்றிக் கொடுத்தது, செல்வியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. ஊர் என்னை நல்லவன் என்றது. அண்ணன் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று பேச்சியம்மாள் எல்லோரிடமும் சொல்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் என்றைக்காவது வெளியே தெரியத்தான் செய்யும். என் விஷயத்தில் தெரியவில்லை. ஒருதரம் அவள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னாள். "கேட்டுட்டுப் போயும் கைய வச்சாரே அண்ணே. எங்கள நெனைக்கலியே அவரு." அவள் புருஷன் மேல் அவளுக்குக் கோபம், கணேசா. செத்துப்போனவன் மேல் இத்தனை வருஷமாகக் கோபம். தன்னையும் பிள்ளையையும் அவன் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறாள். ஒரு வார்த்தையில் அதை நான் எடுத்துவிட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கல்யாண வயதில் இருக்கிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகு. பெண்டாட்டியிடம் சொல், கூட வேலை செய்கிறவனிடம் சொல். அன்றைக்கு நான் பயம் என்று சொல்லியிருந்தால் எட்டுப் பேர் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். இசக்கியும் சிரித்திருப்பான். சிரித்துவிட்டு இன்னும் உயிரோடு இருந்திருப்பான்.

இதுவரைக்கும் உனக்கு எழுதினேன். ஆனால் நீ இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பெயர்ப் பலகை வாசிப்பாய், இத்தனை பக்கத்தை வாசிக்க மாட்டாய். ஊர்க் கடுதாசி எது வந்தாலும் யாரிடம் கொண்டுபோவாய் என்று எனக்குத் தெரியும். இந்தியில் எழுதித் தர ஆள் இல்லாமல் இல்லை, கேட்கவில்லை. எதிரில் நின்று சொல்லத் திராணி இல்லாத கோழைக்கு இந்த வழிதான் கிடைத்தது. பேனாவை எடுக்கும்போதே தெரியும், இதை வாசிக்கப்போகிறது செல்விதான் என்று.

அம்மா செல்வி, நிறுத்திவிடாதே. இன்னும் கொஞ்சம்தான். நீ உன் அப்பாவை முழுங்கவில்லை. நான் சொன்ன பொய் முழுங்கிற்று. நீ வரப்போகிறாய் என்று தெரிந்த அன்று அவன் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்களை நினைக்காமல் அவன் போகவில்லை. உங்களைச் சொல்ல வாயைத் திறந்தான், அந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கணேசன் அப்போது பிறக்கக்கூட இல்லை, இதில் அவனுக்கு ஒரு பங்கும் கிடையாது. அவனை நீ கட்டிக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நினைத்தால் அவனைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது நன்றாக இரு.

உன் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டாதே. அதையும் உன் தலையில் கட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், நானே என் வாயால் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் பழி பேசினவர்களையும் கூப்பிட்டு வை, அவர்களும் கேட்கட்டும். உன் அம்மா வழக்கம்போல, 'வாங்க அண்ணே' என்று நாற்காலியை எடுத்துப் போடுவாள். போட விடாதே, செல்வி. நான் நின்றுகொண்டே சொல்கிறேன்.